பிரின்சிக்கு, புத்தகத்தைத் திருப்பித் தரும்போது

பிரின்சி, படிச்சு முடிச்சாச்சு.
அட்டையில கிரீஸ் விரல் ஒண்ணு பட்டுட்டு,
மண்ணெண்ணெய் தொட்டுத் தொடச்சும் போகல.
முதல்ல அதுக்கு மன்னிப்பு.

நல்லா இருக்கான்னு கேட்ட.
ஒத்த வார்த்தையில சொல்ல வராது.

நமக்குத் தெரிஞ்ச கதையில
ராட்சசன் தூக்கிட்டுப் போய்க்
கோபுரத்துல அடைச்ச ராசகுமாரி
அழுதுக்கிட்டே இருப்பா.
அவன் உயிரு ஏழு கடல் தாண்டி
ஒரு கிளிக்குள்ள.
ராசகுமாரன் வருவான், கிளி கழுத்தத் திருகுவான்,
கல்யாணம்.

இதுல அவ அழல. பிடிச்சிருந்தது.
பதினேழு வயசு, வாய்த்துடுக்கு.
ராட்சசன் வச்ச சோத்துல உப்பு இல்லன்னு
தட்டத் தள்ளி விடுத இடத்துல
மேல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே சிரிச்சுட்டேன்.
"என்னளா?"ன்னு வானமாமலை அண்ணன்
கீழ இருந்து வாக்கிடாக்கியில கேட்டாரு.

ஆனா எழுதினவங்க
ஒரு தடவகூட கோபுரம் ஏறினதில்ல.

அவ ரெண்டே வரியில ஏறிடுதா.
பட்டுப் பாவாடை, மூச்சு வாங்கல,
உச்சியில நின்னு நிலாவப் பாக்கா.
பணகுடிக்குத் தெக்க, நாப்பத்தொண்ணாம் நம்பர்
காத்தாடிக்குள்ள நானும்தான் ஏறுதேன்.
எண்பது மீட்டர். சுவரோட ஒட்டின ஏணி.
முதல் தட்டுல தொடை நடுங்கும்,
ரெண்டாவதுல விரல் மடங்காது,
மூணாவதுல யாரையாவது வையணும்னு தோணும்.
மூடியத் தள்ளித் தலைய நீட்டினா
நிலாவா பாக்கோம்?
மகேந்திரகிரி மேல மேகம் கட்டுதான்னு பாக்கோம்.
கட்டினா இறங்கணும்.

அப்புறம், அந்தப் பிள்ளைக்கு
நானூறு பக்கத்துல ஒரு தடவகூட
ஒண்ணுக்கு வரல.
மூணு மாசம் அடைஞ்சு கிடந்தாளே,
மாசாமாசம் அந்த மூணு நாள் எங்க போச்சு?
காலையில நாலு மடக்குக்கு மேல
தண்ணி குடிக்காம ஏறுதவ கேக்கேன்.

காதல் கொஞ்சம் சாஸ்தி.
ராட்சசனுக்குப் பச்சைக் கண்ணு, சோகமான தாடையாம்.
தாடை எப்படிளா சோகமா இருக்கும்?
நீ அந்தப் பக்கத்து மூலைய மடிச்சு வச்சிருக்க.
நான் நிமித்தல.

தாழ்ப்பாள் அத்தியாயம் மட்டும் ரெண்டு தரம் படிச்சேன்.
இருட்டுல தொட்டுத் தொட்டு
எது துரு, எதுல எண்ணெய் போட்டிருக்குன்னு
விரலாலயே தெரிஞ்சுக்கிடுதா.
எண்ணெய் போட்ட கதவு வழியாத்தான்
ஆளு போக வர இருக்குன்னு கண்டுபிடிக்கா.
அது வேலை தெரிஞ்சவ மூளை.
அந்த இடத்துல எழுதினவங்க கையப் பிடிச்சுக்
குலுக்கணும்போல இருந்தது.

கடைசி அத்தியாயத்தோடதான் எனக்குச் சண்டை.
ராசகுமாரன் வேண்டாம்னு அவளே கிளம்புதா,
ஏழு கடலையும் அவளே தாண்டுதா, சரி.
கூண்டத் திறந்து
அவளே கழுத்தத் திருகுதா.
"அவள் கை நடுங்கவில்லை."
அதுக்குத் தனிப் பத்தி வேற.

கிளி என்ன செஞ்சுது, பிரின்சி?
எவனோ ஒருத்தன் தன் உயிரக் கொண்டாந்து
அதுக்குள்ள வச்சான். அது கேட்டுதா?
கதையத் திருப்பி எழுத வந்தவங்க
எல்லாரையும் திருப்பினாங்க,
இத மட்டும் பழையபடி திருகினாங்க.

ஆனியில காத்து பிடிச்சுச் சுத்தும்போது
கோபுரத்தடியில சிலநாள் கிடக்கும்.
மைனா, பருந்து, பேரு தெரியாதது.
போன செவ்வா ஒரு கிளி.
றெக்கை மடங்கினபடி, இன்னும் சூடு ஆறாம.
உடைமரத்து மூட்டுல குழி தோண்டிப் போட்டேன்.
ரிப்போர்ட்டுல அதுக்கு ஒரு கட்டம் உண்டு,
'பறவை, எண்ணிக்கை'.
ஒண்ணுன்னு போட்டேன்.
அந்த ஒண்ணு கோணிட்டு.
அடிச்சுட்டுத் திரும்பப் போட்டேன்.

ரெண்டாம் பாகம் வருதுன்னியே,
வந்ததும் எனக்குத் தா.
வஞ்சுக்கிட்டே படிப்பேன்.
அவ எப்படி இறங்குதான்னு பாக்கணும்.
இதுல அத எழுதவே இல்ல.
முழங்கால் வலிக்கது
இறங்கும்போதுதான்.